சீஷத்துவத்தின் செலவு யார் தலையில்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் மதுராந்தகம் வட்டத்துக் கிராமம் ஒன்றில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. திருச்சபை நடத்தும் அரசு உதவிபெறும் தொடக்கப்பள்ளியில் வேலை பார்த்தேன். என் அப்பா உபதேசியாராக, அதாவது கிராமச் சபையில் வேதம் போதித்து ஆராதனை நடத்தும் ஊழியராக, இருந்தவர். பிறப்பால் நாங்கள் ஆதிதிராவிடர்; என் தாத்தா காலத்திலிருந்து கிறிஸ்தவர்கள். ஊருக்கு நாங்கள் இன்றும் காலனிக்காரர்கள்தான்.

எங்கள் பக்கத்துக் கன்வென்ஷன் கூட்டங்களில் கொஞ்ச காலமாக ஒரே மாதிரிப் பிரசங்கம் கேட்கிறேன். மத்தேயு 6:33ஐ வாசிப்பார்கள்: "முதலாவது தேவனுடைய ராஜ்யத்தையும் அவருடைய நீதியையும் தேடுங்கள், அப்பொழுது இவைகளெல்லாம் உங்களுக்குக் கூடக் கொடுக்கப்படும்." அப்புறம் சொந்த வீடு, கார், பிள்ளைக்கு வெளிநாட்டு வேலை என்று வாக்குத்தத்தங்கள் அடுக்கப்படும். அந்த அதிகாரத்தில் இயேசு பேசிக்கொண்டிருப்பது அன்றாடச் சாப்பாட்டையும் உடுத்தும் துணியையும் பற்றி. அதை யாரும் சொல்வதில்லை. தேவனுக்கு முதலிடம் கொடு, அவர் உன்னை உயர்த்துவார் என்று மேடையிலிருந்து முழங்கும்போது, கீழே பாயில் உட்கார்ந்து கேட்கிறவர்களில் முதலிடம் கொடுத்ததாலேயே வேலையையும் படிப்பையும் இழந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி மேடையில் ஒரு வார்த்தை இல்லை. இந்தக் கடிதம் அவர்களுக்காக.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1950 ஆகஸ்ட் 10 அன்று குடியரசுத் தலைவர் பிறப்பித்த பட்டியல் சாதியினர் ஆணையின் 3ஆவது பத்தி, இந்து அல்லாத வேறு மதத்தைப் பின்பற்றும் எவரையும் பட்டியல் சாதியினராகக் கருத முடியாது என்றது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் அதில் இடம் கொடுத்துத் திருத்தினார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இன்றும் வெளியே நிற்கிறோம். தமிழ்நாட்டில், எத்தனை தலைமுறைக்கு முன் மாறியிருந்தாலும், எங்களைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். மேற்படிப்பு உதவித்தொகையை மதம் மாறிய ஆதிதிராவிடர் பிள்ளைகளுக்கும் மாநில அரசு தருகிறது. அதை நன்றியோடு சொல்ல வேண்டும். ஆனால் 18 சதவீத இடஒதுக்கீட்டில் எங்களுக்குப் பங்கில்லை. தனித் தொகுதியில் நிற்க முடியாது. ஊராட்சித் தலைவர் பதவி ஆதிதிராவிடருக்கு என்று ஒதுக்கப்பட்டாலும் எங்கள் தெருக் கிறிஸ்தவர் மனுத் தாக்கல் செய்ய முடியாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் மதம் மாறியவருக்கு இல்லை என்று 2025இல் ஆந்திர உயர் நீதிமன்றம் ஒரு போதகரின் வழக்கில் கூறிவிட்டது.

சூசை வழக்கு பற்றி எங்கள் வீட்டில் அடிக்கடி பேச்சு வரும். சூசை சென்னையில் சாலையோரம் உட்கார்ந்து செருப்புத் தைத்த ஆதிதிராவிடர். அந்தத் தொழிலாளர்களுக்கு மாநில அரசு இலவசமாகப் பங்க், அதாவது சாலையோரப் பெட்டிக்கடை, கொடுத்தது. இந்துவாக இருந்தவர்களுக்குக் கிடைத்தது. சூசைக்குக் கிடைக்கவில்லை, அவர் கிறிஸ்தவர் என்பதால். மனிதர் விடவில்லை, உச்ச நீதிமன்றம் வரை போனார். மதம் மாறிய பிறகும் அதே இழிவு அதே கடுமையோடு தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் காட்டப்படவில்லை என்று 1985 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து தைத்தவருக்கும் அவருக்கும் ஊசி ஒன்று, தோல் ஒன்று, தலைக்கு மேல் அடிக்கும் வெயிலும் ஒன்று. பங்க் மட்டும் ஒருவருக்கு உண்டு, ஒருவருக்கு இல்லை. நம் ஞாயிறு பிரசங்கங்களில் சூசையின் பெயரை நான் இதுவரை கேட்டதில்லை. தேவனுக்கு முதலிடம் கொடுத்தவர் என்று யாரையாவது பெயர் சொல்லிக் காட்ட வேண்டுமென்றால் அவரைத்தான் காட்ட வேண்டும் என்பது என் எண்ணம்.

என் தம்பியை ஆறாம் வகுப்பில் சேர்க்க அப்பா உயர்நிலைப் பள்ளிக்குப் போனபோது நானும் கூடப் போயிருந்தேன். தலைமையாசிரியர் நல்ல மனிதர். விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு, "என்ன உபதேசியாரே, இந்து ஆதிதிராவிடர்னு போட்டுடுங்க. பையனுக்குப் பின்னால உதவும். யாரு வந்து கேக்கப் போறாங்க?" என்றார். அப்பா பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். "சார், ஞாயித்துக்கிழமை சபைக்கு முன்னால நின்னு விசுவாசப் பிரமாணம் சொல்லணும். அதையும் இதையும் எப்படி ஒரே வாயால சொல்றது?" என்று மட்டும் கேட்டார். பதிவேட்டில் கிறிஸ்தவர் என்றே ஏறியது.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். "உங்க பிரசங்கத்துக்கு என் புள்ள கூலி குடுக்கணுமா?" என்று அம்மா கேட்டார். அப்பா பதில் சொல்லவில்லை. அம்மாவும் பக்தியில் குறைந்தவரல்ல. விடிவதற்கு முன் எழுந்து முழங்காலில் நின்றவர். ஆனால் செலவு யார் தலையில் விழப்போகிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இரண்டு பேருமே உண்மையைத்தான் பேசினார்கள் என்று நான் நினைக்கிறேன். அப்பா எழுதியது சரி. அம்மா கேட்ட கேள்வியும் சரி. அந்தக் கேள்வியைச் சபை காதில் வாங்கவே இல்லை என்பதுதான் என் ஆதங்கம்.

தம்பி நன்றாகப் படித்தான். குரூப் 4 தேர்வு எழுதினான். அவனோடு ஒரே பெஞ்சில் படித்த, ஒரே தெருவைச் சேர்ந்த, ஒரே சபையில் ஞானஸ்நானம் பெற்ற நண்பனும் எழுதினான். நண்பனின் சான்றிதழ் இந்து ஆதிதிராவிடர் என்றது. அவனுக்கு வேலை கிடைத்தது. தம்பி பிற்படுத்தப்பட்டோர் போட்டியில் நின்று, கட்-ஆஃபைத் தொடாமல் போனான். இன்றைக்கு மதுராந்தகத்தில் தையல் கடை வைத்திருக்கிறான். பள்ளிச் சீருடை சீசனில் ராத்திரி எல்லாம் மெஷின் ஓடும். அப்பாவை அவன் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. நானாகவே ஒருமுறை கேட்டேன். "அப்பா எழுதினதுல நான் இருக்கேன்க்கா. மாத்தி எழுதியிருந்தா வேலைல இருந்திருப்பேன், ஆனா அப்பாவப் பார்த்து நான் வளர்ந்திருக்க மாட்டேன்" என்றான்.

அந்த நண்பனை நான் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற மாட்டேன். அவன் படும் பாடு எனக்குத் தெரியும். சபைப் பதிவேட்டில் ஒரு பெயர், அலுவலகத்தில் ஒரு பெயர். கல்யாணத்தின்போது, "ஐயா, ஜெபம் பண்ணி ஆசீர்வதிச்சிடுங்க, பதிவேட்டுல மட்டும் எழுத வேண்டாம்" என்று ஆயரிடம் கெஞ்சினார்கள். அவனுடைய அப்பா இறந்தபோது கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் சிலுவை போடலாமா வேண்டாமா என்று, பிணத்தை நடுவீட்டில் வைத்துக்கொண்டு, அண்ணன் தம்பிகள் கிசுகிசுத்தார்கள். கடைசியில் சிலுவை இல்லாமல்தான் அடித்தார்கள். எங்கள் தெருவில் சான்றிதழ் விசாரணைக்கு ஆள் வருகிறது என்றால் வசனக் காலண்டரைக் கழற்றிப் பீரோவுக்குப் பின்னால் வைக்கும் வீடுகள் உண்டு. 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், சர்ச்சுக்குப் போய்க்கொண்டே வேலைக்காக இந்து என்று சொல்லிக்கொள்வது அரசியல் சாசனத்தின் மீது செய்யும் மோசடி என்று உச்ச நீதிமன்றம் கண்டித்தது. அதைப் படித்த அன்று எங்கள் தெருவில் எத்தனை வீடுகளில் சோறு இறங்கியிருக்காது என்று எனக்குத் தெரியும். வயிற்றுப்பாட்டுக்குப் பயந்து இரட்டை வாழ்க்கை வாழ்கிறவர்களை மேடையில் நின்று 'அரைக் கிறிஸ்தவர்கள்' என்று திட்டுவது சுலபம். திட்டுகிறவர் தன் பங்குக்கு என்ன இழந்தார் என்பதையும் கேட்க வேண்டும்.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் கிறிஸ்தவராக இருப்பதற்கு எல்லாரும் ஒரே விலை கொடுப்பதில்லை. நாடார் சமுதாயத்தில் இந்துவாக இருந்தாலும் கிறிஸ்தவராக இருந்தாலும் ஒரே பிற்படுத்தப்பட்டோர் பட்டியல்தான். ஞானஸ்நானம் எடுத்ததால் சான்றிதழில் அவர்களுக்கு நட்டமில்லை. அவர்கள் முன்னோர் திருவிதாங்கூரில் தோள்சீலைக்காக, பெண்கள் மார்பை மறைத்து உடுத்தும் உரிமைக்காக, அடிபட்டவர்கள். அந்தச் சரித்திரத்தை நான் மதிக்கிறேன். அவர்கள்மேல் எனக்கு வருத்தமும் இல்லை. ஆனால் சிலுவையைச் சுமப்பது பற்றி ஒரே பிரசங்கத்தை எல்லாருக்கும் வைக்கும்போது, அந்த ஆராதனையில் ஒரு வரிசை கொடுத்த விலையை அடுத்த வரிசை கொடுக்கவில்லை என்பதைப் பிரசங்கியார் அறிந்திருக்க வேண்டும். அதிலும், விலை கொடுத்தவர்களையே செத்த பிறகும் தள்ளிவைக்கிற கொடுமை நம்மிடம் இருக்கிறது. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களைப் பிரிக்க எழுப்பிய சுவரைப் பற்றிப் பத்திரிகைகள் எத்தனையோ முறை எழுதிவிட்டன. கிறிஸ்தவத்தில் சாதி இல்லை, பிறகு எதற்குச் சலுகை என்று டெல்லியில் கேட்கிறவர்களுக்கு அந்தச் சுவரைத்தான் பதிலாகக் காட்ட வேண்டியிருக்கிறது. இதைவிட வெட்கம் எனக்கு வேறில்லை.

சிலர் கேட்பது நியாயமான கேள்வி: "சீஷத்துவத்துக்கு விலை உண்டு என்று உங்கள் வேதமே சொல்கிறதே, கொடுத்துவிட்டுப் போங்களேன், அரசிடம் ஏன் கேட்கிறீர்கள்?" உண்மைதான். "தன் சிலுவையைச் சுமந்துகொண்டு எனக்குப் பின்செல்லாதவன் எனக்குச் சீஷனாயிருக்கமாட்டான்" என்று லூக்கா 14இல் இயேசு சொல்கிறார். கோபுரம் கட்டப் போகிறவன் உட்கார்ந்து செல்லுஞ்செலவைக் கணக்குப் பார்க்க வேண்டாமா என்று அடுத்த வசனத்திலேயே கேட்கிறார். என் அப்பா கணக்குப் பார்த்துத்தான் பேனாவை மூடினார். நாளைக்கே சட்டம் எங்களுக்கு எதிராக இன்னும் இறுகினாலும் எங்கள் வீட்டில் கிறிஸ்தவர் என்றுதான் எழுதுவோம். ஆனால் விரும்பி ஒருவர் எடுத்துக்கொள்ளும் சிலுவை வேறு, மதத்தின் பேரால் அரசு விதிக்கும் அபராதம் வேறு. எந்த மதத்தையும் பின்பற்றலாம் என்று 25ஆவது பிரிவில் எழுதிவைத்துவிட்டு, இந்த மதத்தைப் பின்பற்றினால் உன் பிள்ளையின் இடத்தை எடுத்துக்கொள்வேன் என்பது நீதியில்லை. ஊருக்குள் வாடகைக்கு வீடு கேட்டுப் போகும்போது எங்களிடம் யாரும் ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்பதில்லை. எந்தத் தெரு என்றுதான் கேட்கிறார்கள்.

மத்திய அரசு அமைத்த ரங்கநாத் மிஸ்ரா ஆணையம், 1950 ஆணையின் அந்த 3ஆவது பத்தியை நீக்கச் சொல்லி 2007இலேயே அறிக்கை கொடுத்துவிட்டது. உச்ச நீதிமன்றத்தில் 2004 முதல் வழக்கு இருக்கிறது. 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்ற முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் போட்டு, அதற்கும் காலநீட்டிப்புத் தந்தார்கள். 2023 ஏப்ரலில் நம் சட்டமன்றம் எங்களையும் பட்டியலில் சேர்க்கக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. இவ்வளவு நடந்தும் அந்த ஆணை பிறந்த நாளான ஆகஸ்ட் 10 வந்தால் எங்கள் பிள்ளைகள் கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது.

அரசிடம் கேட்பதைத் தொடர்ந்து கேட்போம். சபை தன் கையில் இருப்பதைச் செய்வதற்கு எந்த ஆணையத்தின் அறிக்கையும் தேவையில்லை. சிறுபான்மையினர் என்ற உரிமையில் 30ஆவது பிரிவின்கீழ் தமிழ்நாடு முழுக்கத் திருச்சபைகள் பள்ளிகள் நடத்துகின்றன. கல்லூரிகள், செவிலியர் பயிற்சி நிலையங்கள், மருத்துவமனைகள் நடத்துகின்றன. கிறிஸ்தவர் என்று எழுதியதால் அரசு வேலை வாய்ப்பை இழந்த தையல்காரரின் மகள் அந்தக் கல்லூரியில் இடம் கேட்டு வரும்போது, நன்கொடை எவ்வளவு தருவீர்கள் என்று கேட்காமல் சேர்த்துக்கொள்ளலாம். உண்மையை எழுதிய குடும்பங்களின் பிள்ளைகளுக்கு என்று ஆசிரியர் நியமனத்தில் ஒரு பங்கு ஒதுக்கலாம். ஆண்டுக்கு ஒருமுறை நவம்பரில் தலித் விடுதலை ஞாயிறு கொண்டாடுகிறோம். அன்று சிறப்பு ஆராதனை நடக்கிறது, பாட்டு பாடுகிறோம், திங்கட்கிழமை எல்லாம் பழையபடிதான். அந்த ஞாயிற்றின் காணிக்கையையாவது இந்தப் பிள்ளைகளின் படிப்புக்கு என்று தனியாக எடுத்துவைக்கலாம். கன்வென்ஷன் ஊழியர்கள் லூக்கா 14ஐ ஒரு ராத்திரியாவது எடுத்துப் பேச வேண்டும். செலவைச் சொல்லாமல் ஆசீர்வாதத்தை மட்டும் சொல்லி இளைஞர்களை அழைத்தால், முதல் விண்ணப்பப் படிவத்தைக் கையில் வாங்கும்போதே அவர்கள் தடுமாறுவார்கள்.

பேராயர்கள், ஆயர்கள், கல்லூரித் தாளாளர்கள் இந்த நாளிதழைப் படிக்கிறார்கள் என்பதால் அவர்களை நேரடியாகவே கேட்கிறேன். உங்கள் நிர்வாகத்தில் இருக்கும் நிறுவனங்களில், ஆதிதிராவிடராகப் பிறந்து, சான்றிதழில் கிறிஸ்தவர் என்று எழுதிய குடும்பங்களிலிருந்து இந்தக் கல்வியாண்டில் எத்தனை மாணவர்களைச் சேர்த்தீர்கள், எத்தனை ஆசிரியர்களை நியமித்தீர்கள்? அந்த எண்ணிக்கையை இதே பகுதியில் எழுதி வெளியிடும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
மதுராந்தகம் வட்டம், செங்கல்பட்டு மாவட்டம்.