கண்டக்டர் என்றால் குச்சி ஆட்டுபவர் மட்டுமா?

ஆசிரியருக்கு,

ஞாயிறு இணைப்பில் எசா-பெக்கா சலோனன் பற்றி வந்த துணுக்கில் அவரை 'இசைக்குழு நடத்துநர்' என்று மட்டும் போட்டு முடித்துவிட்டீர்கள். (கண்டக்டர் என்று போட்டிருந்தால் எங்கள் வீட்டில் பஸ்ஸைத்தான் நினைப்பார்கள், அது வேறு கதை.) பின்லாந்துக்காரரான அவர் முதலில் இசையமைப்பாளர். தன் இசையை வாசிக்க வைக்க ஓர் ஆள் வேண்டுமே என்றுதான் குச்சியையே கையில் எடுத்தார். 1983இல் லண்டனில், வரவேண்டியவர் வர முடியாமல் போக, ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் ஓடும், ஆஸ்திரிய இசையமைப்பாளர் மாலரின் மூன்றாம் சிம்பொனியைக் கடைசி நேரத்தில் நடத்தப்போய்ப் பெயர் பெற்றார், அப்புறம் அந்த வேலை அவரை விடவில்லை. லாஸ் ஏஞ்சலஸ் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவில் மட்டும் 1992 முதல் 2009 வரை 17 வருடம்.

அங்கிருந்து கிளம்பும் நேரத்தில் எழுதியதுதான் அவருடைய வயலின் கான்செர்ட்டோ, அதாவது தனி வயலினும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு. ஏற்கெனவே வாசித்துக்கொண்டிருந்த வயலின் நடுவில் நம் காதில் விழுந்த மாதிரி ஆரம்பிக்கும், மூன்றாம் பகுதியில் டிரம்ஸ் செட் புகுந்து அடி பின்னும், கடைசிப் பகுதிக்குப் பெயரே 'விடைபெறுகிறேன்'தான். 2012இல் இசையமைப்புக்கான கிராவமேயர் விருது கிடைத்தது இதற்குத்தான். இப்படி இரண்டையும் செய்வது புதிதும் இல்லை: மாலரும் வருடம் முழுக்க ஓப்பரா என்னும் இசை நாடக அரங்கில் இசைக்குழுவை மேய்த்துவிட்டு கோடை விடுமுறையில்தான் சிம்பொனி எழுதினார்.

அடுத்த முறை 'இசையமைப்பாளர்' என்ற வார்த்தையையும் சேர்த்துப் போடுங்கள், ஒரு வரி கூடினால் பரவாயில்லை.

— ஒரு வாசகர், திருச்சி