கலிஃபோர்னியா வீடு: 'தானாக வந்துவிடும்' என்பது பாதி உண்மைதான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் வாழும் தமிழர்களுக்கு உயில் தேவையா என்பது பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையில், கலிஃபோர்னியா கம்யூனிட்டி பிராப்பர்ட்டி மாநிலம் என்பதால் கணவர் இறந்தால் வீடு மனைவிக்குத் தானாக வந்துவிடும் என்று ஒரு வரி இருந்தது. விசேஷ வீடுகளிலும் கோயில் வளாகத்திலும் பலர் சொல்லிக்கொள்வதும் இதைத்தான். இதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதி தெரியாததால் குடும்பங்கள் பல ஆயிரம் டாலரையும் ஓராண்டுக்கு மேலான காலத்தையும் இழக்கின்றன.

கம்யூனிட்டி பிராப்பர்ட்டி என்றால் தம்பதியின் பொதுச் சொத்து. திருமணமான பிறகு இங்கே குடியிருந்தபடி இருவரில் யார் சம்பாதித்தாலும், சம்பளமோ கம்பெனி பங்கோ ஓய்வூதியச் சேமிப்போ, யார் பெயரில் இருந்தாலும் இருவருக்கும் சரிபாதி. திருமணத்துக்கு முன் சேர்த்ததும், அன்பளிப்பாகவோ பெற்றோர் வழியாகவோ வந்ததும் தனிச் சொத்து. ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால், பொதுச் சொத்தில் அவருடைய பாதி முழுவதும் உயிரோடு இருக்கும் துணைக்குப் போகும். பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் அதில் பங்கு கிடையாது. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, பிள்ளைகள், தாய் எல்லோருக்கும் சமபங்கு என்று பழகிய நமக்கு இது புதிது. ஊரில் இருக்கும் அம்மாவுக்கு ஏதாவது போய்ச்சேர வேண்டுமென்றால் அதை எழுதித்தான் வைக்க வேண்டும்.

தனிச் சொத்தில் கணக்கு வேறு. ஒரு பிள்ளை இருந்தால் துணைக்குப் பாதி, இரண்டோ அதற்கு மேலோ இருந்தால் மூன்றில் ஒரு பங்கு. பிள்ளைகள் இல்லாமல் பெற்றோர் இருந்தால் பாதி அவர்களுக்கு. தஞ்சாவூரில் அப்பாவின் நிலத்தை விற்ற பணம் தனிச் சொத்துதான். ஆனால் அதைக் கூட்டுக் கணக்கில் போட்டு, மளிகைக்கும் வீட்டுக் கடனுக்கும் அதிலிருந்தே எடுத்துவந்தால், பத்து வருடம் கழித்து எது யாருடைய பணம் என்று பிரித்துக் காட்ட முடியாது. பிரிக்க முடியாததைச் சட்டம் பொதுச் சொத்தாகவே எடுத்துக்கொள்ளும். தனியாக வைக்க நினைப்பவர்கள் தம் பெயரில் மட்டும் ஒரு கணக்கு தொடங்கி, கிரயப் பத்திர நகலையும் வங்கி பணம் அனுப்பிய சீட்டையும் அதோடு சேர்த்து வைக்கட்டும்.

இனி அந்தத் 'தானாக' என்ற சொல். பொதுச் சொத்து துணைக்குப் போகும்போது நீதிமன்ற நிர்வாகம் தேவையில்லை என்று புரோபேட் (இறந்தவரின் சொத்தை நீதிமன்றம் வழியாகப் பைசல் செய்யும் முறை) சட்டத்தின் 13500ஆம் பிரிவு சொல்வது உண்மைதான். ஆனால் வீட்டை விற்கவோ மறுகடன் வாங்கவோ போனால், வீட்டின் உரிமைக்கு உத்தரவாதம் தரும் டைட்டில் இன்சூரன்ஸ் நிறுவனம் அந்தப் பிரிவைப் பார்க்காது. பத்திரத்தில் பெயர்களுக்குப் பின்னால் இருக்கும் ஒற்றை வரியைப் பார்க்கும். எல்லாம் அந்த வரியில்தான் இருக்கிறது.

'கம்யூனிட்டி பிராப்பர்ட்டி வித் ரைட் ஆஃப் சர்வைவர்ஷிப்' (ஒருவர் இறந்தால் மற்றவருக்கே முழுதும் சேரும் பொதுச் சொத்து) என்று இருந்தால் வேலை எளிது. 2001 ஜூலை 1 முதல் இப்படி எழுத வழியுண்டு. துணை இறந்ததைச் சொல்லும் பிரமாணப் பத்திரத்தை நோட்டரி முன் கையெழுத்திட்டு, சான்றளித்த இறப்புச் சான்றிதழோடு கவுண்டி ரெக்கார்டர் அலுவலகத்தில் பதிந்தால் போதும். வெறும் 'கம்யூனிட்டி பிராப்பர்ட்டி' என்று மட்டும் இருந்தாலோ, வீடு ஒருவர் பெயரில் இருந்தாலோ, டைட்டில் நிறுவனம் பெரும்பாலும் நீதிமன்ற உத்தரவு கேட்கும். அதற்குத்தான் டிஇ-221 என்ற ஸ்பௌசல் பிராப்பர்ட்டி மனு. திருமணத் தேதி, பத்திர நகல், சொத்து பொதுச் சொத்தானது எப்படி என்ற விவரம், உயில் இருந்தால் அதன் நகல் ஆகியவற்றை இணைத்துத் தாக்கல் செய்ய வேண்டும். சொத்து மதிப்புக்கு உச்சவரம்பு இல்லை. முழு புரோபேட்டைவிட இது மிகவும் குறுகிய வழி.

'ஜாயின்ட் டெனன்ட்ஸ்' (கூட்டு உரிமையாளர்கள்) என்று இருந்தாலும் வீடு துணைக்கு நேராகப் போய்விடும். வரியில்தான் இடிக்கும். 6 லட்சம் டாலருக்கு வாங்கிய வீடு, ஒருவர் இறக்கும்போது 18 லட்சம் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பொதுச் சொத்து என்று பத்திரம் சொன்னால் வீடு முழுவதற்கும் அடக்க விலை (ஆதாயத்தைக் கணக்கிட, விற்ற விலையில் கழிக்கும் தொகை) 18 லட்சமாக உயர்ந்துவிடும். உடனே விற்றால் மூலதன ஆதாயமே இல்லை. ஜாயின்ட் டெனன்சி என்றால் இறந்தவரின் பாதி மட்டும் 9 லட்சமாக உயரும், உயிரோடு இருப்பவரின் பாதி பழைய 3 லட்சத்திலேயே நிற்கும். மொத்த அடக்க விலை 12 லட்சம், ஆதாயம் 6 லட்சம். வசிப்பு வீட்டுக்கான விலக்கைக் கழித்தாலும் வரி வர வாய்ப்புண்டு. பத்திரம் எப்படி இருந்தாலும் உண்மையில் அது பொதுச் சொத்துதான் என்று வாதிடலாம். நிரூபிக்கும் சுமை தனியாக நிற்பவர் தலையில் விழும். இருவரும் உயிரோடு இருக்கும்போதே புதுப் பத்திரம் எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, பதிந்துவிட்டால் இந்தப் பிரச்சினையே வராது. தம்பதிக்குள் நடக்கும் மாற்றத்தால் வீட்டு வரி மறுமதிப்பீடு ஆவதும் இல்லை.

இவை எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது வேறொன்று. கணவர் எச்-1பி வேலை விசாவில், மனைவி அவரைச் சார்ந்த எச்-4 விசாவில், மனைவிக்கு வருமானமும் கிரெடிட் வரலாறும் இல்லை என்பதால் கடன் கணவர் பெயரில் மட்டும் எடுக்கப்படுகிறது. எஸ்க்ரோ (நடுநிலை நிறுவனம் ஒன்றின் மூலம் வீடு கைமாறும் நடைமுறை) முடியும் நாளில் நீட்டப்படும் நூறு பக்கக் கட்டில், இன்டர்ஸ்பௌசல் டிரான்ஸ்ஃபர் டீட் (தம்பதிக்குள் சொத்துரிமையை மாற்றும் பத்திரம்) என்ற ஒரு தாளிலும் மனைவி கையெழுத்துப் போடுகிறார். கடனுக்கான சடங்கு என்றே இருவரும் நினைக்கிறார்கள். அந்தத் தாளோ, இந்த வீடு கணவரின் தனிச் சொத்து, எனக்கு இதில் உரிமை இல்லை என்று சொல்கிறது. பின்னர் கணவர் உயில் இல்லாமல் இறந்து, இரண்டு பிள்ளைகள் இருந்தால், அந்தத் தாளின்படி மனைவிக்கு வீட்டில் மூன்றில் ஒரு பங்குதான். சிறு பிள்ளைகளானால் அவர்கள் பங்கு நீதிமன்றக் கண்காணிப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். கணவன் மனைவிக்குள் உள்ள நம்பிக்கைக் கடமையைக் காட்டி அந்தத் தாளை எதிர்க்க வழியுண்டு. ஆனால் அது செலவு பிடிக்கும் வழக்கு. கடன் ஒருவர் பெயரில் இருந்தாலும் பத்திரத்தில் இருவர் பெயரும் இருக்கலாம். அன்றைக்கு அது முடியாமல் போயிருந்தால், எஸ்க்ரோ முடிந்த பிறகு மனைவி பெயரைச் சேர்த்து ஒரு பத்திரம் பதிவது பெரிய வேலையே இல்லை. இந்தக் கடிதத்தைப் படிப்பவர்கள் வேறு எதையும் செய்யாவிட்டாலும் தங்கள் வீட்டுப் பத்திரத்தை எடுத்து, 'சோல் அண்ட் செபரேட்' (ஒருவருக்கு மட்டுமே உரிய தனிச் சொத்து) என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று மட்டுமாவது பார்க்க வேண்டும்.

இதுவரை சொன்னது முதல் மரணம் பற்றி. தம்பதியில் இரண்டாமவரும் போகும்போது கம்யூனிட்டி பிராப்பர்ட்டி கைகொடுக்காது. உயில் இருந்தால் புரோபேட் வேண்டாம் என்பது மிகப் பரவலான தவறான எண்ணம். உயில் என்பது புரோபேட் நீதிமன்றத்துக்கு எழுதும் கட்டளை. நீதிமன்றத்துக்குப் போகாமல் அது வேலை செய்யாது. வக்கீலுக்கான கட்டணத்துக்குச் சட்டமே உச்சவரம்பு வைத்திருக்கிறது, நடைமுறையில் அதுவே கட்டணம்: முதல் ஒரு லட்சம் டாலருக்கு 4 சதவீதம், அடுத்த ஒரு லட்சத்துக்கு 3, அடுத்த 8 லட்சத்துக்கு 2, அடுத்த 90 லட்சத்துக்கு 1 சதவீதம். 15 லட்சம் டாலர் வீட்டுக்கு 28,000 டாலர். உயிலை நிறைவேற்றுபவருக்கும் அதே அளவு உண்டு. அவர் பிள்ளையானால் பெரும்பாலும் வேண்டாம் என்று விட்டுவிடுவார். இருவரும் எடுத்தால் 56,000. வீட்டின் மேல் 9 லட்சம் கடன் நின்றாலும் கட்டணம் 15 லட்சத்துக்குத்தான் கணக்கிடப்படும். கடனைக் கழிக்க மாட்டார்கள்.

உயிலின் மூலப் பிரதியை, இறப்புச் செய்தி தெரிந்த 30 நாளுக்குள் அதை வைத்திருப்பவர் கவுண்டி சுப்பீரியர் கோர்ட்டில் ஒப்படைக்க வேண்டும். பிறகு புரோபேட்டைத் தொடங்கும் டிஇ-111 மனு, வாரிசுகளுக்கு விசாரணைக்கு 15 நாள் முன்பே தபால், செய்தித்தாளில் மூன்று முறை விளம்பரம், பிறகு நியமன உத்தரவு. அதிலிருந்து கடன்காரர்களுக்கு நான்கு மாதம். சொத்துப் பட்டியலுக்கும் நான்கு மாதம். மதிப்பிடும் புரோபேட் ரெஃபரிக்கு மதிப்பில் 0.1 சதவீதம். வேறு மாநிலத்திலோ இந்தியாவிலோ இருக்கும் மகனை நியமித்திருந்தால், ஜாமீன் பாண்ட் வேண்டாம் என்று உயிலிலேயே எழுதியிருந்தாலும் நீதிமன்றம் அதைக் கேட்கக்கூடும். தடங்கல் இல்லாமல் போனாலே ஓராண்டு ஆகிவிடும்.

2025 ஏப்ரல் 1 முதல் நேர்ந்த இறப்புகளுக்கு, 7.5 லட்சம் டாலர் வரையிலான வசிப்பு வீட்டுக்குச் சுருக்க மனு உண்டு. சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் அந்த விலைக்குத் தனி வீடு கிடைப்பதே அரிது. சாக்ரமென்டோ, ஃபிரெஸ்னோ பக்கம் இருப்பவர்களுக்கு உதவும். வங்கிக் கணக்கு போன்ற சொத்துகள் 208,850 டாலருக்குள் இருந்தால், 40 நாள் கழித்துப் பிரமாணப் பத்திரம் கொடுத்தே பெறலாம். தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழை இங்குள்ள வங்கிகள் ஏற்பதில்லை.

ஆகவேதான் லிவிங் டிரஸ்ட்: உயிரோடு இருக்கும்போதே சொத்தை அதற்குள் மாற்றி, இறந்த பின் புரோபேட் இல்லாமல் பிள்ளைகளுக்குப் போக வழி செய்யும் ஏற்பாடு. இதை 'அறக்கட்டளை' என்று மொழிபெயர்ப்பது தர்ம காரியம் என்ற எண்ணத்தைத் தருகிறது. டிரஸ்ட் என்றே எழுதுங்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். டிரஸ்ட் ஆவணத்தை எழுதி அலமாரியில் வைத்தால் மட்டும் போதாது, வீட்டை டிரஸ்டியின் (டிரஸ்டை நிர்வகிப்பவரின்) பெயருக்குப் பத்திரம் எழுதிப் பதிய வேண்டும். இதில் அதிகம் நடக்கும் தவறு மறுகடனின்போது. கடன் கொடுப்பவர் வீட்டை டிரஸ்டிலிருந்து வெளியே எடுக்கச் சொல்வார். கடன் முடிந்ததும் அதைத் திரும்ப உள்ளே வைக்க யாருக்கும் ஞாபகம் இருக்காது. டிரஸ்டின் சொத்துப் பட்டியலில் வீடு இருந்தால் ஹெக்ஸ்டாட் மனு போட்டு மீட்கலாம், அதற்கும் நீதிமன்றம்தான். உள்ளே போகும் சொத்து பொதுச் சொத்தாகவே நீடிக்கும் என்று டிரஸ்டில் ஒரு வாசகம் இருக்கட்டும், முன் சொன்ன அடக்க விலைச் சலுகை அதில்தான் நிற்கிறது. பிள்ளைக்கு வீடு போகும்போது, 2021 பிப்ரவரி 16 முதல் நடப்பில் உள்ள 19ஆம் முன்மொழிவு (வாக்காளர்கள் ஏற்ற மாநிலச் சட்டம்) சொல்வதன்படி, அவர் ஓராண்டுக்குள் குடியேறி விண்ணப்பிக்காவிட்டால் வீட்டு வரி சந்தை மதிப்புக்கு ஏறிவிடும். டிரஸ்ட் இதைத் தடுக்காது.

உயில் எழுதுபவர்களுக்கு ஒன்று. நோட்டரி முத்திரை இரண்டு சாட்சிகளுக்கு ஈடாகாது. முழுவதும் சொந்தக் கையால் எழுதிக் கையெழுத்திட்ட உயிலுக்குச் சாட்சி வேண்டாம். தட்டச்சு செய்ததற்கு இருவர் ஒரே நேரத்தில் உடனிருக்க வேண்டும், அவர்கள் பயனடைபவர்களாக இருக்கக் கூடாது.

இந்தியாவில் நாமினி என்பவர் வாரிசுகளுக்காகப் பணத்தை வாங்கி வைப்பவர். இங்கே பெனிஃபிஷியரி என்று எழுதப்பட்டவரே சொந்தக்காரர். திருமணத்துக்கு முன் தம்பியின் பெயரை எழுதியவர்கள் பலர் அதை மாற்றுவதே இல்லை. 401கே எனும், வேலை செய்யும் நிறுவனம் வழியான ஓய்வூதியக் கணக்கில் மத்திய சட்டம் பொதுவாகத் துணையைக் காப்பாற்றும்; துணை நோட்டரி முன் சம்மதித்தால் ஒழிய மற்றவருக்குப் போகாது. ஐஆர்ஏ எனும் தனிநபர் ஓய்வூதியக் கணக்கில் அந்தப் பாதுகாப்பு இல்லை, பொதுச் சொத்தில் தன் பாதியைத் துணை கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

குடியுரிமை வாங்காமல், கிரீன் கார்டையும் ஒப்படைத்துவிட்டு, கோவைக்கோ சென்னைக்கோ நிரந்தரமாகத் திரும்பியவர்களிடம் இங்கே வீடு இருந்தால் உடனே கவனிக்க வேண்டியது எஸ்டேட் வரி, அதாவது இறந்தவர் விட்டுச்செல்லும் சொத்தின் மேல் விழும் மத்திய வரி. அமெரிக்கக் குடிமக்களுக்கு 2026இல் விலக்கு 1.5 கோடி டாலர். இவர்களுக்கு 60,000 டாலர் மட்டுமே. கடனில்லாத 15 லட்சம் டாலர் வீட்டில் இறந்தவரின் பாதி 7.5 லட்சம் என்றால், வரி சுமார் 2.35 லட்சம் டாலர். மனைவியும் குடிமகள் இல்லையென்றால், தனி வகை டிரஸ்ட் ஒன்றின் மூலம் தள்ளிப்போடலாமே தவிர வழக்கமான துணைச் சலுகை கிடையாது. இந்தியாவுடன் இதற்கு ஒப்பந்தமும் இல்லை. அமெரிக்கப் பங்குகளுக்கும் இதே வரி உண்டு. சாதாரண வங்கி வைப்புக்கு இல்லை. இந்த வரிக்கான 706-என்ஏ படிவத்தை ஒன்பது மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும்.

கடைசியாக, நம் பெயர்கள். பத்திரத்தில் முருகன் கந்தசாமி, பாஸ்போர்ட்டில் கந்தசாமி முருகன், வங்கியில் கே. முருகன் என்று இருக்கும். இறப்புச் சான்றிதழில் நான்காவதாக ஒரு வடிவம் ஏறினால், நால்வரும் ஒருவரே என்று ஒவ்வொரு அலுவலகத்திலும் நிரூபிக்க வேண்டியிருக்கும். டிரஸ்டிலும் உயிலிலும் எல்லா வடிவங்களையும் 'இப்பெயராலும் அறியப்படுபவர்' என்று சேர்த்தே எழுதுங்கள். இறப்புச் சான்றிதழுக்கு விவரம் தரும்போது பத்திரத்தில் உள்ள எழுத்துக்கூட்டலைப் பார்த்துக் கொடுங்கள். இறுதிச்சடங்கு நடத்தும் நிறுவனத்தில் அந்தப் படிவத்தை நிரப்புவது பெரும்பாலும் உறவினரோ நண்பரோதான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா