செயலாளரின் ஆண்டறிக்கை: நம் கிணறுகளும் வரவிருக்கும் குடியிருப்பும்

தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான விவரங்களை முதலில் முடித்துவிடுகிறேன். நம் கிணற்று உரிமையாளர் சங்கத்தின் செயற்குழு மாதந்தோறும் கூடியது. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். புதிதாகப் பலர் சேர்ந்திருக்கிறார்கள். பெரும்பாலோர் குடியிருப்புத் திட்டம் பற்றிய பேச்சு கிளம்பிய பிறகு வந்தவர்கள். எப்படி வந்தாலும் நல்வரவுதான்.

இனி, ஆண்டு முழுக்க நம்மைப் பிடித்துக்கொண்ட விஷயம். மேட்டுப் பக்கக் காலி நிலத்தில் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான அடுக்குமாடி வீடுகள் வரப்போகின்றன. திட்டத்தையே நிறுத்த வேண்டும் என்று சிலர் முதல் கூட்டத்தில் சொன்னார்கள். காரசாரமான பேச்சுக்குப் பிறகு, சங்கம் வீடுகளை எதிர்ப்பதில்லை என்று முடிவானது. அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். வீடில்லாதவருக்கு வீடு வேண்டும். வரப்போகிறவர்கள் குடிக்கப்போவதும் நமக்குக் கீழே ஓடும் இதே நீரைத்தான். வீடு மலிவாக இருக்கட்டும். அந்த மலிவைக் கிணற்றின் தலையில் கட்டக் கூடாது, அவ்வளவுதான்.

முதல் கவலை நீரின் அளவு. குடியிருப்புக்கான ஆழ்துளைக் கிணற்றில் மோட்டார் ஓடும்போது சுற்றியுள்ள நீர்மட்டம் புனல் வடிவில் சரிகிறது. அந்தச் சரிவு நம் கிணறுகள் வரை வந்தால், ஆழம் குறைந்த திறந்த கிணறுகள்தான் முதலில் அடிவாங்கும். கட்டுமானத் தரப்பினர் சில மணி நேரம் மோட்டாரை ஓட்டிப் பார்த்து, நீர் தாராளமாக வருகிறது என்று ஒரு தாளைக் கொடுத்தார்கள். எவ்வளவு நீர் வருகிறது என்பது அதில் இருந்தது. யாருடைய கிணற்றிலிருந்து வருகிறது என்பது இல்லை. ஆகவே, குறைந்தது ஒரு முழு நாள், முடிந்தால் மூன்று நாள், அன்றாடம் எடுக்கப்போகும் வேகத்திலேயே விடாமல் இறைக்க வேண்டும் என்று கேட்டோம். அந்த நேரத்தில் அக்கம்பக்கத்துக் கிணறுகளையும் அளக்க வேண்டும். நிறுத்திய பிறகு மட்டம் எவ்வளவு நேரத்தில் மீள்கிறது என்றும் பார்க்க வேண்டும். இழுத்தடித்துத்தான் ஒப்புக்கொண்டார்கள்.

இரண்டாவது கவலை கழிவுநீர். ஒருவர் நாளுக்கு 100 லிட்டர் பயன்படுத்தினால் அதில் பெரும்பகுதி கழிவாகத் திரும்பி வருகிறது. மண் கிருமிகளை ஓரளவு வடிகட்டும். வெடிப்புள்ள பாறையில் அந்தப் பாதுகாப்பும் இல்லை. கழிவிலிருந்து உருவாகும் நைட்ரேட் என்ற உப்போ நீரோடு சேர்ந்தே போய்விடும். குடிநீரில் அது லிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். தாண்டிய நீரில் கரைத்த பால்மாவைக் குடிக்கும் கைக்குழந்தைகளுக்கு, ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் குறையலாம். கொதிக்க வைத்தால் நைட்ரேட் போகாது. நீர் சுண்டச் சுண்ட இன்னும் செறிவாகும். இதைக் கூட்டத்தில் சொன்னபோது பலருக்கும் அது புதுச் செய்தி.

கழிவுநீரை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சு குழிக்கும் கிணற்றுக்கும் 30 மீட்டர் இடைவெளி, குழியின் அடிக்கும் நிலத்தடி நீர்மட்டத்துக்கும் 1.5 மீட்டர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் குறைந்தபட்ச அளவு. வரைபடத்தில் இரண்டும் சரியாகத்தான் இருந்தன. ஆனால் நீர்மட்டத்தைக் கோடையில் எடுத்திருந்தார்கள்! கோடையில் காய்ந்து கிடக்கும் குழியின் அடியை மழைக்காலத்தில் நீர் வந்து தொட்டுவிடும். நம் மூத்த உறுப்பினர் ஒருவர்தான் இதைக் கண்டுபிடித்தார். குழிகளைச் சரிவின் கீழ்ப்புறத்துக்கு, கிணறுகளை விட்டு விலக்கி மாற்ற இசைந்திருக்கிறார்கள்.

இந்த ஆண்டின் உருப்படியான வேலை என்று கேட்டால், வேலை தொடங்கும் முன்பே நம் கிணறுகளை அளந்து வைத்ததைத்தான் சொல்வேன். முன்பு எப்படி இருந்தது என்று காட்ட முடியாதவன், பின்பு கெட்டுவிட்டது என்று எங்கே போய் நிரூபிப்பான்? முந்தின இரவே மோட்டாரை நிறுத்தச் சொல்லி, விடியற்காலையில் யாரும் இறைக்கும் முன் அளந்தோம். எஃகு டேப்பின் நுனியில் சாக்பீஸைத் தேய்த்து இறக்கினால், நனைந்த இடம் பளிச்சென்று தெரியும். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்திலிருந்து அளக்க, விளிம்பில் சிவப்புப் பெயின்ட்டால் கோடு போட்டோம். கிணற்றின் அழகு கெட்டுவிட்டதாக ஒரு வீட்டில் மட்டும் இன்னும் கோபம்.

நீர் மாதிரிக்கான பாட்டிலைக் கழுவிவிட்டுப் பிடிக்கலாமே என்று கேட்காத வீடு இல்லை. கிருமிநீக்கம் செய்த பாட்டில், கழுவவே கூடாது. பிடித்ததும் ஐஸ் பெட்டியில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் பரிசோதனை தொடங்கியாக வேண்டும். மலம் கலந்திருப்பதைக் காட்டும் ஈ.கோலி கிருமி 100 மில்லிலிட்டரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. முடிவுகளை அந்தந்த வீட்டுக்குக் கொடுத்துவிட்டோம்; சங்கக் கோப்பிலும் ஒரு நகல் இருக்கிறது.

அப்புறம் அந்தப் பழைய கிணறு. மனைக்குள் பாதி இடிந்து கிடக்கும் அதைக் கட்டட இடிபாடுகளால் மூடப் பார்த்தார்கள். அப்படி மூடினால் மேலே விழும் அழுக்கெல்லாம் அதன் வழியே நேராக நிலத்தடி நீருக்கு இறங்கும். சுத்தமான மணலால் நிரப்பி, மேலே களிமண்ணாலும் சிமென்ட்டாலும் அடைக்க வேண்டும் என்று எழுத்தில் வாங்கியிருக்கிறோம். கூரை மழைநீரை வடிகட்டி நிலத்துக்குள் இறக்கவும் ஒத்துக்கொண்டார்கள். 1,000 சதுர மீட்டர் கூரையில் 20 மில்லிமீட்டர் மழை பெய்தால் 20,000 லிட்டர். சும்மா விடக்கூடிய நீரல்ல. வாகனம் நிறுத்தும் தரையின் நீரை மட்டும் அதில் சேர்க்கக் கூடாது, எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும்.

இன்னும் முடிவாகாத விஷயம் இரண்டு. நம் கிணறு வற்றினால் நீர் தருவது யார் என்ற கேள்விக்கு, "வந்தால் பார்த்துக்கொள்ளலாம்" என்பதே பதில். அதை ஏற்க முடியாது என்று எழுதிவிட்டோம். அடுத்தது, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம். கட்டுகிறவர் கட்டிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். மின்கட்டணம், பராமரிப்பு எல்லாம் வருமானம் குறைந்த குடும்பங்களின் மேல் விழும். கட்டணம் தாங்காமல் காற்றடிக்கும் இயந்திரத்தை நிறுத்தினால், அரைகுறையாகச் சுத்தமான நீர்தான் வெளியே வரும். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. பராமரிப்புக்கான நிதியைத் திட்டச் செலவிலேயே ஒதுக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறோம், பதிலுக்குக் காத்திருக்கிறோம்.

இதை ஒட்டி செயற்குழு ஒரு தீர்மானத்தை இன்று உங்கள் முன் வைக்கிறது. சொந்தக் கிணறு உள்ளவரே உறுப்பினராகலாம் என்ற விதியைத் தளர்த்தி, புதுக் குடியிருப்பினரையும் வாக்குரிமையோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். மாற்றுக் கருத்து இருப்பது தெரியும், விவாதித்து வாக்களியுங்கள்.

அளவெடுக்க விடியற்காலையில் கதவைத் திறந்து வைத்த எல்லா வீட்டாருக்கும் நன்றி. அடுத்த அளவெடுப்பு மழைக்காலம் முடிந்ததும் நடக்கும். அறிக்கையை ஏற்றுக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்