வாயிலில் பதாகை பிடித்த தோழருக்கு

அன்புள்ள தோழருக்கு,

சென்ற வாரம் எங்கள் ஆலை வாயிலில் நீங்கள் பிடித்திருந்த பதாகையில் ‘ஆலையை மூடு’ என்று மட்டும் எழுதியிருந்தது. ஷிப்ட் முடிந்து வந்த எங்கள் ஆட்கள் உங்களைத் திட்டினார்கள். சங்கச் செயலாளரான நான் தடுத்திருக்க வேண்டும், தடுக்கவில்லை. எனக்கும் கோபம்தான். நீங்கள் எதிர்க்கும் அந்த ஆலைப் புகையை உங்களுக்கு முன்பே சுவாசிப்பவர்கள் நாங்கள். ஆனால் ஒவ்வொரு சம்பளப் பேச்சுவார்த்தையிலும் புகையைக் கோரிக்கைப் பட்டியலின் கடைசியில் வைத்து, அதையே முதலில் விட்டுக்கொடுத்ததும் நாங்கள்தான்.

உங்களுக்கு ஒரு பழைய கதை சொல்ல வேண்டும். 1970களின் தொடக்கத்தில் சிட்னியின் ஹன்டர்ஸ் ஹில் பகுதியில் கெல்லிஸ் புஷ் என்ற சிறு காட்டை அழித்து வீடுகள் கட்ட ஏற்பாடானது. எதிர்த்த 13 பெண்கள் அரசிடம் போய்ப் பயனில்லாமல், கடைசியில் கட்டடத் தொழிலாளர் சங்கத்தின் கதவைத் தட்டினார்கள். அவர்களோ வசதியான வட்டாரத்தினர். உதவி கேட்டது மண் சுமப்பவர்களிடம். ஜாக் மண்டி தலைமையிலிருந்த அந்தச் சங்கம் உடனே தலையாட்டிவிடவில்லை. ஊர் மக்களுக்கும் இதில் விருப்பமா என்று பொதுக்கூட்டம் போட்டுக் காட்டுங்கள் என்றது. சுமார் 600 பேர் திரண்டார்கள். அதன்பிறகே சங்கம் அந்த வேலைக்குத் தடை போட்டது. சங்கத்தில் சேராத ஆட்களை வைத்து முடிப்போம் என்று நிறுவனம் சொன்னபோது, அதே நிறுவனத்தின் வேறொரு கட்டடத்தில் வேலை செய்தவர்கள் கூடி முடிவெடுத்தார்கள்: அங்கே ஒரு மரத்தைத் தொட்டாலும் இந்தக் கட்டடம் காலத்துக்கும் அரைகுறையாகவே நிற்கும். காடு இன்றும் இருக்கிறது.

இதைப் படித்துவிட்டு ‘அப்படியானால் நீங்களும் செய்யுங்கள்’ என்பீர்கள். அவசரப்படாதீர்கள். அந்தக் கட்டடத் தொழிலாளிக்கு வேறு கட்டடம் இருந்தது. எங்கள் உலை அணைந்தால் எங்களுக்கு வேறு உலை இல்லை. அமெரிக்காவில் எண்ணெய், ரசாயன, அணுசக்தித் தொழிலாளர் சங்கத்தின் டோனி மசோக்கி இந்த முடிச்சைத்தான் அவிழ்க்கப் பார்த்தார். நஞ்சான மண்ணைச் சுத்தம் செய்ய நிதி இருக்கிறதே, வேலை இழக்கும் தொழிலாளிக்கு ஏன் இல்லை என்று கேட்டார். அந்தக் கேள்வியிலிருந்து வளர்ந்த ‘நியாயமான மாற்றம்’ என்ற சொல் 2015 பாரிஸ் ஒப்பந்தத்தின் முகவுரை வரை போய்விட்டது. எங்கள் சம்பளச் சீட்டுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

அதனால் உங்கள் பதாகையில் இன்னொரு வரி வேண்டும்: ‘மாற்று வேலை கிடைக்கும்வரை பழைய சம்பளம் கொடு.’ ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கும் சேர்த்துத்தான். அவர்களை மறப்பது எங்கள் சங்கத்தின் பழைய வியாதி. நீங்கள் அதை எழுதினால், அடுத்த பேச்சுவார்த்தையில் புகைதான் எங்கள் முதல் கோரிக்கை. செயற்குழுவில் எதிர்ப்பு வரும். அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

வெள்ளிக்கிழமை வாயிற்கூட்டத்துக்கு வாருங்கள். கொதிகலன் பிரிவில் முப்பது ஆண்டு வேலை பார்த்த ஒருவரை அழைத்து வருகிறேன். நள்ளிரவில் எந்த வால்வைத் திறக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். இதுவரை யாரும் அவரிடம் கேட்டதில்லை.

தோழமையுடன்,
சங்கச் செயலாளர்