எண்ணூர் பள்ளிக்கூடங்கள்ல சுற்றுச்சூழல் வகுப்ப உருப்படியா நடத்தச் சொல்லி மறுபடியும் ஒரு மனு

அனுப்புநர்: பள்ளி மேலாண்மைக் குழு பெற்றோர்கள், எண்ணூர்.
பெறுநர்: மாவட்டக் கல்வி அலுவலர் அவர்கள்.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். இதே விஷயமா முன்னாடி குடுத்த மனுவுக்கு பதிலே வரல, அதான் திரும்ப எழுதறோம். வடசென்னையில கம்பெனிங்க சூழ்ந்த எங்க ஏரியா உங்களுக்குத் தெரியாததில்ல.

1. சுற்றுச்சூழல் மன்றத்துக்கு டைம்டேபிள்ல பீரியட் இருக்கு, ஆனா அதுல கணக்கு டெஸ்ட் தான் நடக்குது. ஜூன் 5 சுற்றுச்சூழல் தினம் வந்தா போன வருஷக் கன்னு காஞ்ச அதே குழியில ஒரு வேப்பங்கன்னு, ஒரு போட்டோ, முடிஞ்சுது.

2. மாசு பத்தி கட்டுரைன்னா புள்ளைங்க முன்னுரை, முடிவுரையோட கைடுல இருக்கற டெல்லி காத்தப் பத்தி எழுதுதுங்க. ஜன்னலத் தொறந்தா அனல்மின் நிலையப் புகைபோக்கி. கொசஸ்தலை ஆத்துல சாம்பல் படிஞ்சு இறால் போனதும், மிக்ஜாம் புயலப்போ எண்ணெய் வந்து வலையெல்லாம் நாசமானதும் ஒரு வரி கிடையாது.

3. ஐயா, இதுதான் தாங்க முடியல. 2023 டிசம்பர் 26 ராத்திரி பெரியகுப்பம் பக்கம் கடலுக்கடியில போற பைப்புல அம்மோனியா லீக் ஆச்சே, தூக்கத்துல இருந்த ஜனம் கண்ணெரிச்சலோட, மூச்சு முட்டி, கைக்குழந்தையத் தூக்கிட்டு ரோட்டுல ஓடுச்சு, எந்தப் பக்கம் ஓடறதுன்னு யாருக்குமே தெரியல, ப்ளஸ் ஒன் படிக்கற பொண்ணு ஹேபர் முறைல அம்மோனியா தயாரிக்கறத கடகடன்னு ஒப்பிக்கும், அது தண்ணில நல்லா கரையும்னும் பரீட்சைல எழுதும், ஆனா ஈரத்துணிய மூக்குல கட்டணும், காத்து அடிக்கற திசைய பாத்து குறுக்கால விலகிப் போகணும்னு அதுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல. அப்புறம் எதுக்குய்யா அந்தப் பாடம்? மார்க்குக்கு மட்டுமா? இன்னொரு ராத்திரி இப்படி ஆனா யாரு பொறுப்பு?

4. சுற்றுச்சூழல் கல்விய கட்டாயமாக்கணும்னு உச்சநீதிமன்றம் 1991-லயே சொல்லியாச்சு.

5. டீச்சருங்கள குத்தம் சொல்லல. பாதிப் புள்ளைங்களோட அப்பா இங்க இருக்கற கம்பெனிகள்லதான் காண்ட்ராக்ட் வேல, பேசினா பிரச்சன வருமோன்னு அவங்களுக்கும் பயம். மேலிடத்துலேர்ந்து ஒரு சர்க்குலர் வந்தா தைரியமா பேசுவாங்க. அத நீங்கதான் போடணும், வேற யாரு போடுவாங்க?

தயவுசெஞ்சு அந்தப் பீரியட்ட திருப்பிக் குடுங்க ஐயா. கேஸ் லீக் ஆனா என்ன செய்யணும்னு தீயணைப்புத் துறைய கூப்பிட்டு பள்ளிக்கூடத்துலயே ஒத்திகை நடத்துங்க. ஆத்தப் பத்தி பேச மீனவப் பெரியவங்க வரத் தயார். திரும்பவும் கேக்கறோம், இந்தத் தடவையாவது எழுத்துல பதில் குடுங்க.

இப்படிக்கு,
பெற்றோர்கள்