குப்பியில் இருப்பது சத்து ஊசி அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் மருத்துவப் பக்கத்தில் இன்டர்லூகின்-2 என்ற புரதத்தைப் பற்றி வந்த துணுக்கை என் மாமியார் கத்தரித்து வைத்திருக்கிறார். "ஏம்மா, நீ வேலை பாக்குற இடத்துல இது இருக்காமே, சளிக்கு எனக்கு ஒரு ஊசி கொண்டு வாயேன்" என்கிறார். நான் கிருஷ்ணகிரியிலிருந்து தினமும் பஸ் ஏறி ஓசூரில் ஓர் ஆய்வகத்துக்குப் போகிறவள். எங்களுக்கு வரும் குப்பியில் 'ஆய்வுக்கு மட்டும்' என்றுதான் அச்சிட்டிருக்கும்.

நம் உடம்பில் நோயை எதிர்க்கும் டி செல்களைப் பெருகச் சொல்லும் சேதி இந்தப் புரதம். 1976-இல் கண்டுபிடித்தார்கள். 1983-இல் அதன் மரபணு கைக்கு வந்தபின், ஈ.கோலை பாக்டீரியாவை வைத்தே தயாரிக்கிறார்கள். மருந்தாகவும் இது உண்டு, சரி. ஆனால் அது பரவிய சிறுநீரகப் புற்றுநோய் போன்றவற்றுக்கு, மருத்துவமனையில் கண்காணிப்போடு தருவது. ரத்த அழுத்தம் தடாலென்று இறங்கும். சளிக்குப் போடுகிற ஊசியா அது?

எங்களுக்கு வரும் ஒரு குப்பியில் 10 மைக்ரோகிராம் தூள்தான் இருக்கும், கண்ணுக்கே தெரியாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் காலிக் குப்பி என்று குப்பையில் போடப் போனேன். சென்ட்ரிஃபியூஜ் என்ற வேகமாகச் சுழற்றும் கருவியில் ஒரு சுற்று சுற்றி, தூளை அடியில் இறக்கிய பிறகுதான் மூடியைத் திறக்க வேண்டும். கரைத்ததைச் சிறு பங்குகளாக்கி உறைய வைப்போம்; திரும்பத் திரும்ப உருக்கினால் வீண். மே மாதம் இந்தக் குப்பிகளோடு ஒரு தெர்மாகோல் பெட்டி சனிக்கிழமை வந்து, திங்கள் வரை வாட்ச்மேன் அறையிலேயே கிடந்தது. திறந்தால், உள்ளே ஐஸ் பை வெந்நீர் ஒத்தடப் பை மாதிரி இருந்தது!

இதையெல்லாம் ஒரு வரியாவது போடுங்கள். நான் சொன்னால் மாமியாரிடம் எடுபடாது. அச்சில் வந்தால் நம்புவார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, கிருஷ்ணகிரி