வாங்கச் சொல்பவர்கள் பராமரிப்பையும் சொல்ல வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சமையலறைக்கு அவசியமான சாதனங்கள் என்று பத்திரிகைகளில் அடிக்கடி பட்டியல்கள் வருகின்றன. எதை வாங்கலாம் என்பதோடு அவை நின்றுவிடுகின்றன. அந்தச் சாதனத்தில் எந்தப் பாகம் முதலில் தேயும், தேய்ந்தால் எப்படித் தெரியும், மாற்றுப் பாகம் கிடைக்குமா என்பதை யாரும் எழுதுவதில்லை. இதனால் நல்ல குக்கரையும் மிக்ஸியையும் 'பழசாகிவிட்டது' என்று ஒதுக்கிவிட்டுப் புதிதாக வாங்குகிறார்கள். பல நேரங்களில் கெட்டுப்போயிருப்பது ஒரு ரப்பர் வளையம் மட்டும்தான்.

குக்கரையே எடுத்துக்கொள்வோம். 1679-இல் டெனி பாப்பின் என்ற பிரெஞ்சு இயற்பியலாளர் ஆவி அழுத்தத்தில் வேகவைக்கும் பாத்திரத்தை உருவாக்கினார். அது வெடித்துவிடாமல் இருக்க, மிஞ்சிய ஆவியை வெளியேற்றும் வால்வையும் அவரே சேர்த்தார். இன்றைய குக்கரிலும் அந்த வால்வு இருக்கிறது, ஆனால் அதைத் திரும்பிப் பார்ப்பவர் குறைவு. திறந்த பாத்திரத்தில் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் தண்ணீர், குக்கருக்குள் சுமார் 120 டிகிரி வரை போகும். அந்த 20 டிகிரிதான் வேகும் நேரத்தை இவ்வளவு குறைக்கிறது. அது கிடைக்க வேண்டுமானால் உள்ளேயிருக்கும் காற்று முதலில் வெளியேற வேண்டும். வெயிட் வைத்து விசில் வரும் குக்கரில், மூடியவுடனேயே வெயிட்டைப் போடக் கூடாது. குழாயிலிருந்து ஆவி விடாமல் சீறி வரத் தொடங்கிய பிறகே போட வேண்டும். காற்று உள்ளேயே தங்கிவிட்டால் அழுத்தத்தில் ஒரு பங்கு அதனுடையதாகிவிடும், வெப்பம் அந்த அளவுக்கு ஏறாது. விசில் வந்தும் பருப்பு வேகவில்லை என்றால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

விசிலை எண்ணிச் சமைப்பதும் சரியான கணக்கு அல்ல. தீ பெரிதாக இருந்தால் விசில் அடுத்தடுத்து வரும், சிறிதாக இருந்தால் நேரமெடுத்து வரும். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து, அங்கிருந்து நிமிடக் கணக்கு வைத்துக்கொண்டால் ஒவ்வொரு முறையும் ஒரே பதம் கிடைக்கும்.

மூடியில் இருக்கும் ரப்பர் வளையமான கேஸ்கெட் கெட்டியானால், விரிசல் விட்டால், தளர்ந்தால் ஆவி மூடியின் ஓரமாகக் கசியும். விசில் வராது. வரும் வரும் என்று காத்திருக்கும்போதே உள்ளே தண்ணீர் வற்றி அடிப்பிடிக்கும். சேஃப்டி வால்வு 'போவது' பெரும்பாலும் இப்படித்தான். பல குக்கர்களில் அந்த வால்வுக்குள் குறைந்த வெப்பத்தில் உருகும் உலோகம் இருக்கிறது. தண்ணீர் வற்றி வெப்பம் எல்லை மீறினால் அது உருகி ஆவியை வெளியே விடும். உருகிய வால்வை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய கேஸ்கெட்டையே போட்டால் புது வால்வும் போய்விடும். இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள், அதே நிறுவனத்தின் அதே அளவில். ஓரத்தில் கசிகிறது என்று மூடியைத் துணியால் அழுத்திப் பிடிப்பதோ வெயிட்டின் மேல் பாரம் வைப்பதோ உயிருக்கே ஆபத்து.

தினமும் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். மூடுவதற்கு முன் ஆவிக்குழாயை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். ஓட்டை தெரியாவிட்டால் மெல்லிய கம்பியால் குத்தி, தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். பாத்திரத்தை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது. நுரைத்துப் பொங்கும் பருப்பு வகை என்றால் பாதியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் நுரை குழாயை அடைக்கும். சமையல் முடிந்ததும் கேஸ்கெட்டைக் கழற்றிக் கழுவி உலர வையுங்கள். மூடியைப் பூட்டி வைக்காமல் கவிழ்த்து வைத்தால் ரப்பர் நசுங்காமல் நீண்ட நாள் உழைக்கும்.

அடுத்தது கத்தி. பட்டியல்கள் பன்னிரண்டு கத்திகள் கொண்ட செட்டைப் பரிந்துரைக்கின்றன. வீட்டுச் சமையலுக்குச் சுமார் 20 சென்டிமீட்டர் நீளத்தில் ஒன்று, தோல் சீவச் சிறியதாக ஒன்று, இவை போதும். மிச்சப் பணத்துக்கு 1000 கிரிட் (கல்லின் சொரசொரப்பைக் குறிக்கும் எண்) சாணைக்கல் ஒன்று வாங்கலாம். ஊறவைக்கும் வகைக் கல் என்றால் குமிழி வருவது நிற்கும் வரை தண்ணீரில் போட்டு வையுங்கள். கத்தியை 15 முதல் 20 டிகிரி சாய்வில் பிடித்து, அந்தச் சாய்வு மாறாமல் ஒரே பக்கமாகத் தேய்க்க வேண்டும். மறுபக்கத்தில், அடிப்பகுதி முதல் நுனி வரை, விரலால் வெளிப்புறமாக வருடினால் மெல்லிய பிசிறு தட்டுப்படும். அது நீளம் முழுதும் வந்த பிறகே பக்கம் மாற்ற வேண்டும். பலர் தவறுவது இங்கேதான்: பிசிறு வருவதற்குள் திருப்பித் திருப்பித் தேய்ப்பதால் கத்தி பளபளக்கும், ஆனால் வெட்டாது. செட்டோடு வரும் வழவழப்பான எஃகுக் கம்பி, மடங்கிய வாயை நிமிர்த்தும். முழுதாக மழுங்கிய கத்திக்கு அது உதவாது. கண்ணாடிப் பலகை, கிரானைட் மேடை இரண்டும் கத்தியின் கூர்மையைச் சீக்கிரம் கெடுக்கும். மரப்பலகையோ பிளாஸ்டிக் பலகையோ நல்லது, அடியில் ஈரத்துணி விரித்தால் நகராது.

மிக்ஸி ஓடும்போதே சட்டென்று நின்றுவிட்டால் மோட்டார் எரிந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். பெரும்பாலான மிக்ஸிகளில் அடியில் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கும். பாரம் அதிகமானால் அது துண்டித்துவிடும். சுவிட்சை அணைத்து, ஜாரில் பாதியை எடுத்துவிட்டு, சில நிமிடம் ஆறவிட்டுப் பொத்தானை அழுத்தினால் ஓடும். மோட்டார் சுற்றியும் பிளேடு சுற்றவில்லை என்றால், மோட்டாரையும் ஜாரையும் இணைக்கும் கப்ளரைப் பாருங்கள். ஜாரின் அடியில் தண்ணீர் ஒழுகினால், பிளேடின் தண்டைத் தாங்கும் புஷ்ஷும் கசிவைத் தடுக்கும் வாஷரும் தேய்ந்திருக்கின்றன. இவை எல்லாமே மாற்றக்கூடியவை. கசிவை அப்படியே விட்டால் ஈரம் மோட்டாருக்குள் இறங்கும், அப்போதுதான் செலவு பெரிதாகும்.

பட்டியல்களில் அநேகமாக இடம்பெறாத ஒன்றைச் சேர்க்கச் சொல்வேன்: ஒரு கிராம் வரை காட்டும் டிஜிட்டல் தராசு. ஒரே கோப்பையில் மாவைத் தளர்வாக அள்ளினால் ஒரு எடை, அழுத்தி நிரப்பினால் வேறு எடை; பேக்கிங் சொதப்புவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். தராசைச் சமமான, கெட்டியான தளத்தில் வைக்க வேண்டும். எண் நிலையில்லாமல் மாறிக்கொண்டே இருந்தால் முதலில் பேட்டரியை மாற்றிப் பாருங்கள்.

ஒரே ஒரு காயை ஒரே ஒரு வடிவத்தில் நறுக்க மட்டும் உதவும் கருவிகளைப் பட்டியலில் சேர்க்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அந்த இடத்தில், பரிந்துரைக்கும் ஒவ்வொரு சாதனத்துக்கும் தேயும் பாகங்களின் பெயர், அவை தனியாகக் கிடைக்கின்றனவா, வீட்டிலேயே மாற்ற முடியுமா என்ற மூன்று விவரங்களைத் தங்கள் நாளிதழ் வெளியிட வேண்டுகிறேன். தனியாகப் பாகம் விற்காத நிறுவனத்தின் சாதனம் என்றால் அதையும் வெளிப்படையாகக் குறிப்பிடுங்கள்.

இப்படிக்கு,
வீட்டுச் சாதனங்கள் பழுதுபார்க்கும் வாசகர்